அந்தோணி எழுதிய கேரல்

23 டிசம்பர் 1957, திங்கள்

“இந்தக் கிறிஸ்மஸ் கேரல் பாட்ட யார் சார் எழுதுனது?” என்று ஜப்பான் சண்டைக்கு முன்பு வகுப்பில் என் மாணவன் தேவசகாயம் கேட்டான். “பழைய பாட்டு” என்றேன். எழுதியவர் பக்கத்து வகுப்பு ஆசிரியர் அந்தோணி. பிள்ளைகள் அவரையே சுற்றி வந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு ஜப்பான்காரர்கள் அவரைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை.

இன்று மாதா கோயிலில் புதிய பாட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். அந்தோணியின் பாட்டுக்குக் கீழே ‘எழுதியவர் தெரியவில்லை’ என்றிருந்தது. அவர் மனைவி மேரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைத் தொகுத்த தேவசகாயத்திடம் யோக்கியனைப் போலக் கோபித்துக்கொண்டேன்.

“நீங்கதானே சார் பழைய பாட்டுன்னு சொன்னீங்க?”

மேரி திரும்பினார். “அப்படியா சொன்னீங்க வாத்தியாரே?”

கோயிலை விட்டு வெளியேறி, காஜா பெராங்கில் இருக்கும் என் வீடு வரை நடந்தே வந்துவிட்டேன்.

நாளை பேனாவோடு கோயிலுக்குப் போ. ஒவ்வொரு புத்தகத்திலும் அந்தோணி பெயரை எழுது.