நீங்கள் காட்டாத ஏரி

என்னைத் தனியாகப் பேருந்தில் ஏற்றிவிட்ட மகராசருக்கு,

வாசித்துக் காட்டும் மகளே, திட்டுகிற இடத்தில் குரலைத் தணிக்காதே. அப்பா காதில் நன்றாக விழட்டும்.

வந்து சேர்ந்துவிட்டேன். இதே மலைக்கு நீங்கள் பேருந்து ஓட்டிய காலமெல்லாம், "அங்க என்னடி இருக்கு, பனியும் வளைவும்தான்" என்று சொன்ன வாயை என்ன செய்வது? கடைசி வளைவில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். "எல்லாரும் இறங்கிப் பாத்துட்டு வாங்க. இது அண்ணன் பழக்கிவிட்டது, நாங்க யாரும் மாத்தல" என்றார். எந்த அண்ணன் என்று கேட்டால், நீங்கள்தானாம்! மேகம் விலகி, கீழே ஏரி மெதுவாக வெளியே வந்தது. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் வண்டியை நிறுத்திக் காட்டியிருக்கிறீர்கள். கட்டினவளுக்கு மட்டும் பனியும் வளைவுமா?

நான் யார் என்று தெரிந்ததும் அங்கிருந்த டீக்கடைக்காரர், "ரிட்டயரானதும் அண்ணியக் கூட்டிட்டு வந்து நிதானமா காட்டணும்னு சொல்லிட்டே இருப்பாரே, அவர் எங்க?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீயை அப்படியே வைத்துவிட்டேன். பத்திரமாகச் சேர்த்து வைக்க இதென்ன நகையா?

"கண்ணு போனப்புறம் இனிமே நான் வந்து என்னத்தப் பாக்க" என்ற பேச்செல்லாம் என்னிடம் வேண்டாம். இதைத் திரும்பும் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். நாளை முதல் வண்டியில் மகளோடு வாருங்கள். அந்த வளைவிலேயே நிற்பேன். இறங்கும்போது கை கொடுக்கிறேன். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். என்ன தெரிகிறது என்று நான் சொல்கிறேன்.

கோபம் தணியாத,
உங்கள் வீட்டுக்காரி