உகோல்னிகோவ் என்கிற கேலர்

மார்ச் 3, 1997. திங்கள்

நிலக்கரி தோண்டுகிற ஊரில் குளிர் காய வழியில்லை. கராகந்தா முழுக்க வெந்நீர்க் குழாய் மறுபடியும் நின்றுவிட்டது. அப்பா மேல்கோட்டோடு படுத்திருக்கிறார். நான் காலை ஷிப்டு முடித்து வந்தேன். சுரங்கத்துக்குள் இறங்குகிறவனுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடு, ஏறி வருகிறவனிடம் வாங்கிச் சார்ஜில் போடு. இளம் வயதில் உட்கார்ந்த அதே ஜன்னல், அதே நாற்காலி. இன்று கை தூக்கவே முடியவில்லை. நேற்றைய முட்டைக்கோஸ் சூப்பைச் சுட வைத்தோம், குடித்தோம்.

மார்ச் 5

மின்சாரம் இல்லை. எழுதவும் ஒன்றுமில்லை.

மார்ச் 9. ஞாயிறு

டமாரா வந்தாள். தெமிர்தாவிலிருந்து, கையில் கேக் பெட்டியோடு. சித்தப்பா மகள். இந்த வயசில்தான் அவளை முதல் தடவையாகக் கிட்டத்தில் பார்க்கிறேன். மூக்கு அப்படியே அப்பாவுடையது.

அவர்கள் ஜெர்மனியில் குடியேற மனுப் போடப் போகிறார்கள். ஜெர்மன் வம்சம் என்று காட்டினால்தான் விடுவார்கள். ஆனால் சித்தப்பாவின் எல்லாத் தாளிலும் ஃபியோதர் உகோல்னிகோவ், ரஷ்யன் என்று இருக்கிறது. பிறந்தது ஃபிரிட்ஸ் கேலர் என்பதற்கு ஒரு அத்தாட்சியும் இல்லை. வோல்கா ஆற்றங்கரையில் விட்டுவந்த ஊரோடு எல்லாத் தாளும் போய்விட்டது. இவர் என் கூடப் பிறந்தவர் என்று கோர்ட்டில் அப்பா சொல்ல வேண்டும்.

“ஒரு அரை மணி நேரம் வந்தா போதும் பெரியப்பா. கார்ல கூட்டிட்டுப் போயி கார்லயே கொண்டாந்து விடறேன்.”

அப்பா கேக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“எனக்குத் தம்பி கிடையாதும்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன்? கெட்டில் வைக்கப் போனேன்.

மார்ச் 10

குல்யாஷிடம் சொன்னேன். விளக்கறையில் எனக்கு எதிர் நாற்காலி அவள். கசாக்கியப் பெண். அவர்களுக்கு ஏழு தலைமுறை முன்னோர் பெயர் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் மானக்கேடு. “தம்பி இல்லைன்னு சொல்ற மனுஷனை இப்பத்தான்டி கேள்விப்படறேன்! அப்படி என்னதான் பண்ணிட்டாரு அவரு?”

என்ன பண்ணினார்? எனக்குத் தெரிந்தது ஒரே கதைதான். அப்பா குடித்தால் மட்டும் வெளியே வரும். இங்கே கொண்டுவந்து தள்ளப்பட்ட ஜெர்மன்காரர்கள் மாதா மாதம் போலீசில் போய்க் கையெழுத்துப் போட்ட காலம் முடிந்து, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று விட்ட புதுசு. கராகந்தா ரயில் நிலையத்தில் தம்பியைக் கண்டார். நல்ல கோட்டு, தோல் பெட்டி, பக்கத்தில் மனைவி. “ஃபிரிட்ஸ்!” என்று கத்தியிருக்கிறார். அவர் முதுகு ஒரு கணம் நின்றது. பிறகு நடந்து போய்விட்டார்.

“கேட்டுச்சு அவனுக்கு. கேட்டும் திரும்பல.” இதோடு அப்பா நிறுத்திவிடுவார்.

“பேரை மாத்திக்கிட்டவன் கழுத்தையும் மாத்திக்கிட்டான்” என்றாள் குல்யாஷ். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 22

டமாரா மறுபடி வந்தாள். அப்பாவிடம் கோர்ட்டுப் பேச்சு எடுக்கவில்லை, கெட்டிக்காரி. நேர்காணலில் கேட்டாலும் கேட்பார்கள், நம் பெயருக்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தோம் என்று மட்டும் கேட்டாள். அப்பா சுவரைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார். இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எங்கள் முன்னோர் ஜெர்மனியில் ஹெஸ்ஸன் பக்கத்துக் காட்டில், ஊருக்கு வெளியே குடிசை போட்டு இருந்தவர்கள். கட்டையை அடுக்கி, மேலே மண் பூசி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பார்கள். மூட்டம் தீப்பிடித்துவிடாமல் பக்கத்திலேயே படுத்துக் கிடப்பார்கள். ஊருக்குள் கரி கொண்டுவந்தால் “கேலர் வந்துட்டான்” என்பார்களாம். கரிக்காரன் வந்துட்டான். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. பிறகு காட்டில் கை வைக்கக் கூடாது என்று பிரபு தடுத்தார். பிழைப்பு போயிற்று. அந்தச் சமயத்தில்தான் ரஷ்ய ராணி நிலம் தருகிறேன் என்று ஆள் விட்டாள்.

“வோல்காவுக்குப் போயி இறங்கினா, கண்ணுக்கெட்டின தூரம் புல்லு. கரி சுட ஒரு மரம் கிடையாது. கோதுமை போட்டோம், புகையிலை போட்டோம். பேரு மட்டும் கரிக்காரன்.”

அப்புறம் நாற்பத்தொன்று. ஜெர்மனியோடு போர் வந்ததும் ஜெர்மன் பெயருள்ள எல்லாரையும் சரக்கு வண்டியில் ஏற்றி, இந்த ஸ்டெப்பிப் புல்வெளியில் தள்ளினார்கள். அதற்கப்புறம் பதினெட்டு வயசில் இங்கே சுரங்கம். முதல் நாள் பெயர் கேட்ட மேஸ்திரிக்குக் கொஞ்சம் ஜெர்மன் தெரிந்திருந்தது. “கேலரா? அப்ப சொந்த ஊருக்குத்தான்டா வந்திருக்கே, இறங்கு கீழே” என்று சிரித்தானாம்.

டமாராவும் சிரித்தாள். “அப்ப உகோல்னிகோவும் அதேதானே பெரியப்பா? ரஷ்யன்ல உகோல்னா கரிதானே? யாரு இப்படிப் பொருத்தமா மாத்தினது?”

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 13. ஞாயிறு

சித்தப்பாவே வந்தார். தனியாக, பஸ்ஸில். கதவைத் திறந்தவள் நான். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார், மேலே ஏறி மூச்சு வாங்கியதால். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “ஹெய்ன்ரிக் இருக்காரா?” என்றார் ரஷ்யனில்.

அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. “கோர்ட்டுக்கா?”

“கோர்ட்டு டமாரா பாடு. நான் அதுக்கு வரல.” கதவோரமாகவே நின்றுகொண்டு கேட்டார்: “அம்மா எங்க இருக்காங்க?”

அப்பா எழுந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டார்.

பழைய கல்லறைக்கு மூன்று பேரும் நடந்தோம். பனி உருகி முழங்கால் வரை சேறு. இரண்டு கிழவர்களும் முன்னால், ஆளுக்கொரு பக்கமாக. எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு, அதிலும் சேறு மிதிக்க வேண்டியிருக்கிறது — இப்படித்தான் மனசுக்குள் ஓடியது. வெட்கமாக இருக்கிறது இப்போது.

இரும்புச் சிலுவையில் கேலர் என்று இருக்கிறது. சித்தப்பா கையுறையைக் கழற்றி அந்த எழுத்தைத் தொட்டார்.

“கடைசி வாரம் பூரா உன்னைத்தான் கேட்டா” என்றார் அப்பா.

“எனக்கு யாரும் சொல்லலையே அண்ணே.”

“யாரு சொல்வா? நான்தானே...”

திரும்பி வந்ததும் ரொட்டி, பன்றிக் கொழுப்பு, தேநீர். அப்பா அவர் பக்கமே பார்க்காமல் கேட்டார்: “என்னிக்குக் கோர்ட்டு?”

மே 14

இன்று.

நீதிபதி இளவயசுக் கசாக்கியப் பெண். களைத்துப் போயிருந்தாள். இதே மாதிரி வழக்கு இன்றைக்கு எத்தனையோ, பாவம். அப்பா ஜாக்கெட்டில் பித்தான் ஒன்று இல்லை, நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

“இவர் உங்க கூடப் பிறந்தவர்தானா?”

“ஆமா.”

“கேலர் எப்படி உகோல்னிகோவ் ஆனாரு? தானா மாத்திக்கிட்டாரா?”

டமாரா முகம் வெளுத்துவிட்டது. வக்கீல் சொல்லியிருந்தார், தானே இஷ்டப்பட்டு ரஷ்யன் ஆனவர் என்று தெரிந்தால் ஜெர்மனிக்காரர்கள் மனுவைத் தள்ளிவிடுவார்கள் என்று.

அப்பா சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “இல்ல. நான்தான் மாத்தினேன்” என்றார்.

எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

சொன்னார். போர்க்காலத்தில் அவர்கள் அம்மாவை, என் பாட்டியை, யூராலுக்கு மரம் வெட்டக் கொண்டு போய்விட்டார்கள்; திரும்பி வந்தது போர் முடிந்த பிறகுதான். அப்பாவுக்குச் சுரங்கத்துக்குக் கட்டளை வந்துவிட்டது. பதின்மூன்று வயசுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கேலர் என்று தெரிந்தால் நாளைக்கு அவனையும் சுரங்கத்துக்கு இழுப்பார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அனாதை இல்லத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே பதிவு எழுதுகிற பெண்மணி பையனிடம் பெயர் கேட்டாள். பையன் வாயைத் திறக்கவில்லை. அப்பா சொன்னார்: உகோல்னிகோவ். ஃபியோதர். ரஷ்யன். தெருவில் கண்டேன், எனக்கு உறவில்லை.

“அந்தம்மா எங்க ரெண்டு பேர் மூக்கையும் மாறி மாறிப் பாத்தாங்க. பாத்துட்டு எழுதிக்கிட்டாங்க.”

வெளியே வந்து வேலி ஓரமாகத் தம்பியிடம் சொன்னாராம்: “இனி கேலர்னு எவன் கூப்பிட்டாலும் திரும்பாதே. நான் கூப்பிட்டாலும் திரும்பாதே.”

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டாள். சித்தப்பா பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே, யாரும் கேட்காமலே, “ஸ்டேஷன்ல கேட்டுச்சு அண்ணே” என்றார்.

“தெரியும்” என்றார் அப்பா. “உக்காரு.” அவர் உட்கார்ந்துதான் இருந்தார்.

மே 15

தீர்ப்பு சாதகம். டமாரா போனில் அழுதாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. தானே சொல்லிவிட்டு, அந்தப் பையன் சொன்னபடி கேட்டதற்கு நாற்பது வருஷம் கோபமா? எங்கள் வீட்டில் ஒரு பண்டிகை உண்டா, ஒரு சிரிப்பு உண்டா? என் புருஷன் விக்தர் என்னை விட்டுப் போனதுகூட இந்த வீட்டின் மௌனம் தாங்காமல்தான். காலையில் கஞ்சி வைக்கும்போது கேட்டே விட்டேன். ஏம்ப்பா? நீங்கதானே சொன்னீங்க?

கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்.

“சொன்னேன்தான். கேப்பான்னு நெனைக்கல.”

ஜூலை 20

ஞாயிறு தவறாமல் சித்தப்பா வருகிறார். எனக்கு வேலை கூடிப்போயிற்று. உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் வேகவைத்து, மேலே மாவுச் சுருள் போட்டு ஒரு சட்டி நிறையச் செய்தால் இரண்டு பேரும் காலி பண்ணிவிடுகிறார்கள். ஜெர்மன் ஒரு வார்த்தை வராமல் இருந்தவருக்கு முதலில் திரும்பி வந்தது வசவுதான். சின்ன வயசில் அவர்கள் அம்மா திட்டினது எல்லாம் வரிசையாக வருகிறது. அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். பல் செட்டு விழுந்துவிட்டது.

நான் அடுக்களையில் நின்று இந்தச் சத்தத்தைக் கேட்டேன். சந்தோஷப்பட வேண்டும். தூக்கம்தான் வந்தது.

பிப்ரவரி 6, 1998

சித்தப்பாவுக்கு மொழி நேர்காணல். வீட்டில் எப்படிப் பேசுவீர்கள், அம்மா என்ன சொல்வார் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் ஒரு மூச்சில் அத்தனை திட்டையும் எடுத்து விட்டிருக்கிறார், கோழிக்கூட்டை மூடாததற்கு வாங்கின திட்டு வரைக்கும். அதிகாரி ஹெஸ்ஸன்காரராம். “போதும், போதும், எங்க அத்தை பேசற மாதிரியே இருக்கு” என்றாராம்.

ஜெயித்துவிட்டார்.

மார்ச் 1

எங்கள் இருவருக்கும் ஜெர்மனி அனுமதி வந்து மூன்று வருஷமாக அலமாரியில் கிடக்கிறது. போகலாம் என்று நானும் கெஞ்சி ஓய்ந்து, விட்டுவிட்டேன். இன்று அப்பா அதை எடுத்து மேஜைமேல் வைத்தார். “அவன் போறான்ல” என்றார். அவ்வளவுதான்.

எத்தனை ஆசைப்பட்டேன் இதற்கு! இப்போது பெட்டி கட்ட வேண்டும், கல்லறைக்குக் காவல் சொல்ல வேண்டும், வீட்டை விற்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. குல்யாஷ் இல்லாத இடத்தில் யாரோடு பேசுவேன்?

அக்டோபர் 15. ஜெர்மனி, குடியேறுகிறவர்கள் முகாம்

வந்து நான்கு நாள். எல்லாக் கதவுக்கு முன்னாலும் வரிசை. இன்று பெயர் பதிவு.

எங்கள் முறை சீக்கிரம் முடிந்தது. அடுத்து சித்தப்பா. அந்த எழுத்தர் பெண் நல்லவள், மெதுவாகப் பேசினாள். விருப்பப்பட்டால் பழைய குடும்பப் பெயரையே எடுத்துக்கொள்ளலாம், ஒரு கையெழுத்து போதும் என்றாள். டமாரா பேனாவை எடுத்து அவர் கையிலேயே வைத்துவிட்டாள்.

“எடுத்துக்கோடா” என்றார் அப்பா. “இனி எவன் என்ன சொல்லப் போறான்?”

“வேண்டாம்ணே.”

“என்னது?”

“இருக்கறதே இருக்கட்டும்.”

டமாரா கத்தினாள். “அப்பா! இதுக்கா கோர்ட்டு ஏறினோம்? உகோல்னிகோவ்னா இங்க எல்லாரும் நம்மள ரஷ்யன்னுதான் சொல்லுவாங்க!”

“சொல்லட்டும். நீ வேணா கேலர் ஆயிக்கோ, நான் தடுக்கல. உங்கம்மா கல்லுல இந்தப் பேருதான் இருக்கு. என்னைச் சுரங்கத்துக்குப் போகாம உயிரோட வச்சதும் இந்தப் பேருதான்.” பேனாவை மேஜைமேல் வைத்தார். “இது எங்கண்ணன் எனக்கு வச்ச பேரு.”

எழுத்தர் பெண்ணுக்குப் பாதி புரியவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அப்பா தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். “அவன் சொல்றபடியே எழுதுங்கம்மா” என்றார்.

அறைக் கதவில் சீட்டு ஒட்டிவிட்டார்கள். மேலே கேலர், கீழே உகோல்னிகோவ். அடுத்த அறை அம்மாள், ஓம்ஸ்க்கிலிருந்து வந்தவள், சாயங்காலம் என்னை நிறுத்திக் கேட்டாள்: முன்பின் தெரியாத ஆட்களோடா ஒரே அறையில் போட்டிருக்கிறார்கள் உங்களை?

இல்லை, அவர்கள் அண்ணன் தம்பி என்றேன்.

“அப்புறம் எப்படிப் பேரு வேற வேற?”

நாளைக்குச் சொல்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். கால் அவ்வளவு வலித்தது. உள்ளே இரண்டு பேரும் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.