பதினோராவது டேக்

சிதம்பரம்
2.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வெண்மதி எழுதுவது. நீங்களும் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது என்னிடம் போன் இல்லை.

கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். போன் தொலையவில்லை. நானே சிம்மைக் கழற்றி, இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டேன்.

சித்தார்த் என்று ஒருவன். நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு மார்ச் மாதம் சர்க்கரை பார்க்க வந்தான். வயது இருபத்தாறு. சர்க்கரை இல்லை. அடுத்த வாரம் தைராய்டு பார்க்க வந்தான். அதுவும் இல்லை. மூன்றாம் முறை சட்டைக் கையை மடித்துவிட்டு, "என் ரத்தத்துல யாரு பேரு ஓடுதுன்னு பாத்துச் சொல்லுங்க மேடம்" என்றான். கையில் ஊசியோடு நிற்கிற பெண்ணிடம் சொல்கிற பேச்சா இது? ரத்தத்தை எடுத்து, குழாயில் அவன் பெயரை ஒட்டி, ஹீமோகுளோபின் பதினான்கு என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

எனக்கு விருப்பமில்லை என்று மூன்று முறை தெளிவாகச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் ஜாஸ்தியானது. பதினேழு வெவ்வேறு நம்பரிலிருந்து போன். வேலை முடிந்து வந்தால் பின்னாலேயே பைக். லேப் ஓனர் சபாபதி சார், "நல்ல குடும்பத்துப் பையன்மா, சினிமா பாத்துக் கெட்டுட்டான், அவ்ளோதான்" என்கிறார். ஹாஸ்டலில் என் அறையில் இருந்த சுவேதா அவன் அனுப்பிய பூவை வாங்கித் தண்ணீரில் வைக்கிறாள். "எனக்கெல்லாம் யாரும் இப்படி வரலியேடி" என்கிறாள்.

வேலையை விட்டுவிட்டேன். அண்ணாமலை நகர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறேன். ஹாஸ்டலும் மாற்றியாயிற்று. முகவரி கவரின் பின்னால் இருக்கிறது. உங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள் அண்ணி.

உங்கள்
வெண்மதி

•

செம்மண்டலம், கடலூர்
6.6.2025

அன்பு வெண்மதிக்கு அண்ணி எழுதிக்கொண்டது.

பயந்துவிடாதீர்கள் என்று எழுதினால் யாருக்குத்தான் பயம் வராது? பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. சத்துணவில் இந்த வருஷம் எனக்கு நூற்றுப் பத்துப் பிள்ளைகள். முட்டை உரித்து உரித்து விரலெல்லாம் நாறுகிறது. அந்தக் கையோடுதான் எழுதுகிறேன், முகர்ந்து பார்க்காதே.

போன ஞாயிறு எங்கள் கல்யாண நாள். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. நீதான் வரவில்லை. உன் அண்ணன் வழக்கம்போல வீடியோவைப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். முதல் பத்து நிமிஷம் உனக்கே மனப்பாடம். கல்யாணத்துக்கு முன்பு நடந்ததை அப்படியே நடித்துக் காட்டச் சொல்லி எடுத்தது. நெல்லிக்குப்பம் டைப்ரைட்டிங் கிளாஸிலிருந்து நான் வருவேன், அவர் பின்னால் வருவார், நான் முறைப்பேன், கடைசியில் திரும்பிச் சிரிப்பேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தச் சிரிப்பைப் பதினோரு டேக் எடுத்தார்கள், உனக்குத் தெரியுமோ? வீடியோ எடுத்த பக்கிரி, "இது சிரிப்பு மாதிரி இல்லியேம்மா, இன்னும் ஒண்ணு" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார்.

பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை வெண்மதி. உன் அண்ணன் இரண்டு வருஷம் வந்தவர்தானே. கொஞ்சநாள் பார், ஓய்ந்துவிடுவான்.

ஆனால் அவன் எதிரில் அழாதே. கோபப்படாதே. மறந்தும் சிரித்துவிடாதே. நீ எதைச் செய்தாலும் அதைப் பதில் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரே பாதையில் இரண்டு நாள் தொடர்ந்து போகாதே. பின்னால் சத்தம் கேட்டால் பெண்கள் இருக்கிற கடையாகப் பார்த்து ஏறிவிடு, ஏதாவது விலை கேட்டுக்கொண்டு நில். ஏதோ தோன்றியதை எழுதினேன்.

உன் கவரை ஹாலில் கல்யாண போட்டோவுக்குப் பின்னால் கரண்ட் பில்லோடு சேர்த்துச் செருகியிருக்கிறேன். பத்திரமாக இருக்கும்.

அன்புடன்
அண்ணி

•

சிதம்பரம்
11.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஓய்ந்துவிடுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் கணக்கு வேறு. கடைசியாகப் பார்த்தபோது என்ன சொன்னான் தெரியுமா? "இன்டர்வெல் வரைக்கும் பொண்ணு அப்டித்தாங்க சொல்லும். நான் வெயிட் பண்ணுவேன்." நான் வேண்டாம் என்பது அவன் காதில் விழாமல் இல்லை. விழுகிறது. அது அவனுக்குப் படத்தின் முதல் பாதி.

நாம் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முறுக்கைக் கடித்துக்கொண்டு எத்தனை காதல் படம் பார்த்திருப்போம்? எதிலாவது அந்தப் பெண்ணுக்குக் கால் வலித்து நாம் பார்த்திருக்கிறோமா? வேலைக்குப் போகிறாள் என்பார்கள், என்ன வேலை என்று அவளுக்கே தெரியாது. அவன் நண்பர்கள் நாலு பேரோடு வழியை மறிப்பான், பின்னால் பாட்டு போடுவார்கள். அந்தப் பாட்டு இல்லாமல் அதே காட்சியை நினைத்துப் பாருங்கள் அண்ணி. நான் தினமும் அதைத்தான் பார்த்தேன். அவள் அறைந்தால் அவன் கன்னத்தைத் தடவிச் சிரிப்பான், நாமும் சிரிப்போம். ஒரு படத்திலாவது அவள் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, போட்டோமா என்று மூன்று முறை எழுந்துபோய்ப் பார்த்தாளா?

நான் பார்க்கிறேன். பைக் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுகிறேன். நேற்று ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கும்போது இரண்டு முறை குத்திவிட்டேன். அவர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார், எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

ஒரே பாதையில் இரண்டு நாள் போகாதே என்கிறீர்கள். விலை கேட்டுக்கொண்டு நில் என்கிறீர்கள். இதையெல்லாம் எங்கே கற்றீர்கள்? தப்பாக நினைக்காதீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பத்து டேக் ஏன் சரியாக வரவில்லை?

உங்கள்
வெண்மதி

•

பள்ளிச் சத்துணவுக் கூடம்
கடலூர்
17.6.2025

அன்பு வெண்மதிக்கு,

இனி வீட்டு முகவரிக்கு எழுதாதே. என் பெயர் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எழுது. என் போனை உன் அண்ணன் தினமும் எடுத்துப் பார்ப்பார். காதலில் ரகசியம் கூடாது என்பார். அதனால் போனிலும் ஒன்றும் முடியாது.

அவன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைச் சட்டை, ஒரு டப்பா மைசூர்பாகு. சபாபதி சாரிடம் நம் வீட்டு முகவரியை வாங்கியிருக்கிறான். என்னை அக்கா என்றான், உன் அண்ணனை மச்சான் என்றான். அரைமணி நேரத்தில் உன் அண்ணன் உருகிவிட்டார். "அப்டியே என்னை மாதிரியே இருக்கான் பாரு புஷ்பா" என்று வீடியோவைப் போட்டுக் காட்டினார். நான் திரும்பிச் சிரிக்கிற இடத்தில் அவன் கைதட்டினான். "இன்னொரு தடவை போடுங்க மச்சான்" என்றான்.

காபி கலந்து எடுத்து வந்தபோது போட்டோவுக்குப் பின்னால் உன் கவர் இல்லை. அவன் போன பிறகு கேட்டேன். "நான்தான் குடுத்தேன். என்ன இப்ப? அன்னைக்கு எனக்கு வெண்மதி உன் கிளாஸ் டைம் சொல்லல?" என்றார். எனக்கு இது இத்தனை வருஷமாகத் தெரியாது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அந்த இரண்டு வருஷமும் நான் வீட்டுக்குப் போக நான்கு வழி வைத்திருந்தேன். நேரத்தை மாற்றி மாற்றிப் போவேன், எப்படியோ எதிரில் நிற்பார். எப்படி என்று இப்போதுதான் தெரிகிறது. கடைசியில் ஒருநாள் கடலூர் பஸ்ஸுக்கு முன்னால் நின்று பிளேடால் கையை அறுத்துக்கொண்டார். ரத்தம் என் டைப்பிங் தாள்மேல் தெறித்தது. தெருவே என்னைத்தான் கல்நெஞ்சக்காரி என்று பார்த்தது. "பேரு கெடுறதுக்குள்ள அவனுக்கே குடுத்துடலாம்" என்று அப்பா மறுநாளே கிளாஸை நிறுத்தினார். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் அந்த வாரம்தான் வந்தது. பெட்டியில் இன்னும் இருக்கிறது.

நான் சரி என்றேன். அது பயத்தில் சொன்ன சரி. அதற்குப் பிறகு அவர் அடித்ததில்லை, குடித்ததில்லை, நல்லவர் என்று ஊரே சொல்கிறது. ஆனாலும் தெருமுனையில் அவர் பைக் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கை தானாக முந்தானையை இழுத்துவிடும்.

உன் அண்ணன் ஆனித் தேருக்குச் சிதம்பரம் வரும்போது பூ, பழம் என்று தட்டோடு அவனையும் அழைத்துவரப் போகிறாராம். அதற்குள் ஹாஸ்டலை மாற்று. தனியாக வெளியே போகாதே.

அண்ணி

•

சிதம்பரம்
21.6.2025

அண்ணி,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அவன் அதற்கு முன்பே வந்துவிட்டான்.

வியாழக்கிழமை காலையில் கேட்டில் இருக்கும் சின்னம்மாள் மேலே வந்து, "உங்க அண்ணன் வந்திருக்காரு, எறங்கி வா கண்ணு" என்றாள். நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அவன் நின்றுகொண்டிருந்தான். என் கவர் அவன் சட்டைப் பையில் இருந்தது. "முதல் பாதி முடிஞ்சிடிச்சு" என்றான். திரும்பி ஓடும்போது படியில் விழுந்து முழங்கால் பிய்ந்துவிட்டது. அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை. ஜன்னலுக்கு நேரே டீக்கடை. அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். வேறு ஹாஸ்டலுக்குப் போவதென்றாலும் அவனைத் தாண்டித்தான் போகவேண்டும். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது அண்ணி.

உங்கள் கிளாஸ் நேரத்தைச் சொன்னது நான்தான். என் டியூஷன் அதே தெருவில் இருந்தது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. சினிமாவில் தங்கச்சிகள் இப்படித்தான் உதவி செய்வார்கள். நேரம் மாற மாற ஓடிப்போய்ச் சொல்வேன், அண்ணன் ஒரு சாக்லேட் வாங்கித் தருவார். உங்களை அண்ணி என்று கூப்பிட எனக்கு அவ்வளவு ஆசை. நீங்கள் பயந்துகொண்டு போனீர்கள் என்று ஒருநாளும் தோன்றவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று எழுதக் கை கூசுகிறது.

ஹாஸ்டல் போனிலிருந்து பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசினேன். புகார் கொடுக்கும்போது வீட்டிலிருந்து ஒருவர் கூட வந்தால் பலம் என்று அந்த அம்மா சொன்னார். எனக்கு வீடு என்றால் நீங்களும் அண்ணனும்தான். அண்ணனைக் கூப்பிட முடியாது. உங்களைக் கூப்பிட்டால் உங்கள் குடும்பம் என்ன ஆகும் என்றும் தெரிகிறது. வராவிட்டால் எனக்குக் கோபமில்லை. இதைச் சின்னம்மாளிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன்.

வந்தால், கேட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். இனி யார் வந்து கூப்பிட்டாலும் இறங்கமாட்டேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் மட்டும்தான்.

வெண்மதி

•

ஹாஸ்டல் வாசல், சிதம்பரம்
26.6.2025, காலை

வெண்மதி,

நான்தான். கையெழுத்தைப் பார்த்துக்கொள். கோணலாக இருந்தாலும் என்னுடையதுதான். சந்தேகம் வந்தால், முட்டை நாற்றம் இருக்கிறதா என்று தாளை முகர்ந்து பார்.

உன் கடிதம் நேற்று மத்தியானம் பரிமாறும் நேரத்தில் கைக்கு வந்தது. ஒரு வரி போதும் என்று எழுதியிருந்தாய். சின்னம்மாள் நாற்காலி போட்டுக் கொடுத்ததால் நிறைய எழுதுகிறேன். எழுதினால்தான் எதிரே பார்க்காமல் இருக்க முடிகிறது. அவன் டீக்கடையில் இருக்கிறான். நம் வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்த முகம் இல்லையா, உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. "அக்கா" என்று கையை ஆட்டினான். சாலையைத் தாண்டி வந்து, "நீங்களே வந்துட்டீங்களா, சூப்பர்க்கா. நீங்க சொன்னா கேக்கும்" என்றான். எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. பத்தொன்பது வயதில் உலர்ந்த மாதிரியே உலர்ந்தது. அவனையே பார்த்தேன். போய் மறுபடி உட்கார்ந்துகொண்டான். இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நேற்று சாயங்காலம் உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எனக்கு அப்ப பயமா இருந்துச்சு, அதான் சரின்னேன்" என்றேன். முதலில் சிரித்தார். அப்புறம், "அப்ப அந்தச் சிரிப்பு?" என்றார். "பதினோராவது டேக்குங்க" என்றேன். இன்று முதல் பஸ்ஸில் ஏறியதிலிருந்து என் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியாக ஒரு மெசேஜ் வந்தது. "அங்கதான் வரேன்." கோபத்தில் வருகிறாரா, வேறு எதற்காவது வருகிறாரா தெரியவில்லை. அவர் வந்து சேர்வதற்குள் நாம் மகளிர் காவல் நிலையத்தில் இருக்கவேண்டும்.

பையில் நான்கு பக்கம் வைத்திருக்கிறேன். அவன் நம் வீட்டுக்கு வந்தது, கவர் அவன் கைக்குப் போனது, நீ எனக்கு எழுதியதெல்லாம் தேதியோடு இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் நானே டைப் அடித்தேன். தலைமையாசிரியை தமிழ்ச்செல்வி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார். பன்னிரண்டு வருஷமாயிற்று, விரல் எதையும் மறக்கவில்லை.

கிளாஸ் நேரத்தைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டிருந்தாய். பஸ்ஸில் வரும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும், கொஞ்சம் நாளாகும். ஆனால் அன்றைக்கு டைப்ரைட்டிங் கிளாஸ் வாசலில் எனக்காக யாரும் வந்து உட்காரவில்லை. உனக்காக நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இனி நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவேனா தெரியாது. போகாவிட்டால் நீ என்னை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவாய் என்றும் தெரியாது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது செருப்பைப் போட்டுக்கொள். ஆஸ்பத்திரி அடையாள அட்டையை எடுத்துக்கொள். இறங்கும்போது டீக்கடைப் பக்கம் பார்க்காதே, நேராக என்னைப் பார்த்து வா. ஆட்டோ கேட்டை ஒட்டி நிற்கிறது.

அவன் எழுந்து நிற்கிறான். என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். நான் சிரிக்கவில்லை. சீக்கிரம் வா.

புஷ்பவள்ளி