சம்மதம் தெரிவித்தவர்

மார்ச் 4
புதுச் சட்டம் வந்தாலும் வந்தது, முதலாளிக்கு ரத்தக்கொதிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. எங்கள் செருப்புக் கடையின் தள்ளுபடி மெயில் பட்டியலில் இருக்கும் எல்லோரிடமும் மறுபடி கேட்க வேண்டும்: தொடர்ந்து அனுப்பலாமா? ‘சம்மதம்’ என்று அழுத்தாதவர்களை மாதக் கடைசியில் நீக்கிவிட வேண்டும்.

“பாதிப் பேர் போயிடுவாங்களேம்மா! பேசாம இருந்தா சம்மதம்னுதானே அர்த்தம்?”

“இல்ல சார், ஆகாது” என்றேன், பெரிய இவள் மாதிரி. பட்டியலின் முதல் வரியில் என் வீட்டுக்காரர் இருப்பது அப்போது நினைவில்லை.

மார்ச் 5
எந்த மெயிலும் முதலில் அவருக்குத்தான் போகும், ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க. சோபாவில் இருந்தபடியே கத்துவார்: “வந்துடுச்சு! என் கால் சைஸுக்குத்தான் ஒண்ணும் வரல!”

அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பெயரை எடுக்கக் கை வரவில்லை.

இறந்தவர் எப்படிச் சம்மதிப்பார்?

மார்ச் 9
இன்று அனுப்பினேன். அவர் பெயருக்கு நேரே ‘திறக்கப்பட்டது’ என்று காட்டுகிறது. சில சமயம் ஆள் திறக்காமலே, மெயிலில் உள்ள படங்களை இயந்திரம் முன்கூட்டி இறக்கிவிடும், அதுவும் திறந்ததாகத்தான் தெரியும். புதிதாகச் சேருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

இயந்திரம்தான். இயந்திரம்தான்.

மார்ச் 10
சம்மதம்.

கட்டத்தில் குறி போட்டு, பட்டனை அழுத்தி — மனிதக் கை இல்லாமல் நடக்காது. அப்படி அமைத்ததே நான்.

யாருங்க? நீங்களா?

வீட்டுக்குள் நுழையப் பயமாக இருந்தது. பயமா, ஆசையா?

மார்ச் 13
தலைவலி என்று மத்தியானமே வந்துவிட்டேன். மாமனாரின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மகனின் போனை இரண்டு கையாலும் பிடித்தபடி வாசித்துக்கொண்டிருந்தார். எங்கோ அலமாரியில் செத்துக் கிடக்கிறது என்று நான் நினைத்த போன்.

“இதெல்லாம் நீதானேம்மா எழுதுற? அன்புள்ளன்னு போட்டு, அவன் பேரப் போட்டு... நம்ம வீட்ல அந்தப் பேர இப்ப யாரு சொல்றா? நீ தாங்க மாட்டேன்னு நானும் வாயத் திறக்கிறதில்ல.”

அவர் தாங்க மாட்டார் என்று நானும் திறப்பதில்லை.

“அனுப்பட்டுமான்னு கேட்டுச்சு. வேணாம்னா சொல்லுவேன்?”

பெயரை நிரப்புவது கம்ப்யூட்டர், மாமா, நான் இல்லை. இதை எந்த வாயால் சொல்ல?

மார்ச் 16
ஒருவருக்காக இன்னொருவர் சம்மதிக்க முடியாது. பெயரை அப்படியே விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியுமே. ஆனால் சட்டம்கூடப் பெரிதாகப் படவில்லை. பெற்ற மகனின் பெயரைக் கேட்க, அந்த மனுஷன் செருப்புத் தள்ளுபடிக்காகக் காத்திருக்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 30
அவர் பெயரை நீக்கிவிட்டேன். மாமாவிடமும் சொன்னேன். “சரிம்மா” என்றார். சாப்பிட வரவில்லை.

ஏப்ரல் 3
வீட்டில் பேச்சே இல்லை. தப்புப் பண்ணிட்டேனா?

ஏப்ரல் 6
மத்தியானம் தட்டில் கத்திரிக்காயைப் பரிமாறும்போது, அவர் பெயரைச் சொன்னேன். வாய்விட்டு. “இருந்திருந்தா இத ஓரமா ஒதுக்கியிருப்பார் மாமா.” என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போல இருந்தது.

சோற்றைப் பிசைந்த மாமாவின் கை நின்றது. ஐயோ, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன்.

“சின்ன வயசுல டவுசர் பாக்கெட்ல போட்டு ஒளிப்பான்” என்றார். “துவைக்கும்போது அவங்க அம்மா கத்துவா பாரு...”

பிறகு அவரும் அந்தப் பெயரைச் சொன்னார். சாப்பிட்ட கை காய்ந்துபோனது தெரியாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.