உன் பெயருக்குக் கீழே என் பெருவிரல்

மஸ்கெலியா
8.2.1959

அன்பு மகன் சின்னராசாவுக்கு அப்பா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் தங்கை பூரணியும் சுகம், நீயும் திருகோணமலை வெயிலில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. தேர்தல் தொகுதிகளுக்குப் புது எல்லை பிரிக்க ஆணைக்குழு போட்டிருக்கிறார்கள், பொதுமக்கள் அபிப்பிராயம் எழுதலாம் என்று நஸார் நானா கடையில் பேப்பரில் படித்தேன். நம் ஆற்றோடு கோடு போட்டால் தோட்டத்தின் மேல்பிரிவு ஒரு தொகுதி, கீழ்ப்பிரிவு வேறு தொகுதி, இருக்கிற கொஞ்ச ஓட்டும் சிதறிப்போகும். தொகுதிக்கு ஆள் எண்ணும்போது எங்கள் தலையையும் எண்ணுகிறார்களாம், ஓட்டுப் போடத்தான் நாங்கள் ஆள் இல்லை. அந்தக் கோபத்தில் தோட்டத்தைப் பிரிக்காதீர்கள் என்று நானே மனு எழுதினேன். பிரஜாவுரிமை இல்லாதவன் எழுதினால் ஓரமாகப் போட்டுவிடுவார்கள் என்றார் நஸார் நானா. இந்தியாவில், துறையூரில் அண்ணன் சாகக் கிடந்தபோது ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டேன் என்று என் பிரஜாவுரிமை விண்ணப்பத்தைத் தள்ளியது உனக்குத் தெரியும். நம் லயத்து வீடுகளில் அது கிடைத்தது உனக்கு மட்டும்தான். அதனால் உன் பெயரை எழுதிவிட்டேன், உன்னைக் கேட்காமல் செய்தது தப்புத்தான். அதோடு விட்டேனா, அரசாங்கத் தாள் என்றாலே பெருவிரலில் மை தேய்த்துப் பழகிய கை, எழுதத் தெரிந்தும் உன் பெயருக்குக் கீழே கைநாட்டு வைத்துவிட்டேன்.

இப்போது உன் பெயருக்குக் கடிதம் வந்திருக்கிறது, இருபதாம் தேதி நுவரெலியாவில் அரசாங்கக் கச்சேரி ஆபீசுக்கு நேரில் வந்து பேச வேண்டுமாம். இங்கிலீஷில் கையெழுத்துப் போடுகிற நீ கைநாட்டு வைத்தாயா என்று கேட்டால் என்ன செய்வது? உன் உரிமையையே பறித்துவிடுவார்களோ, போகவே வேண்டாம் என்கிறாள் அம்மா. எனக்கும் பயம்தான். ஆனால் நேற்றுக் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் கொழுந்து பறிக்கிற காளியாயி எல்லோர் முன்னாலும், "தம்பி வரலேன்னா நமக்காக யாருங்க பேசுவா?" என்று கேட்டது, நான் மலைக்கு நடந்துவிட்டேன். நீ லீவு கேட்டுப் பத்தொன்பதாம் தேதியே வந்துவிடு. கம்பளிச் சட்டை எடுத்துக்கொள், நுவரெலியாக் குளிர் உனக்கு மறந்திருக்கும். பிரஜாவுரிமைப் பத்திரத்தை மறந்துவிடாதே. மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள். அங்கே நீ பேசு, நான் பின்னால் நிற்கிறேன். கைநாட்டு யாருடையது என்று கேட்டால் எனக்காகப் பொய் சொல்லாதே, என்னைக் காட்டு. மை கொண்டுவரச் சொல், அவர்கள் கண் முன்னால் இன்னொரு தடவை வைக்கிறேன், இந்த முறை என் பெயருக்குக் கீழே.

உன் அப்பா
மு. சோலைமலை