கணவர் இறந்து மூன்று வருடம்

மார்ச் 3

என்னங்க,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, வீட்டிலிருக்கும் பழைய தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அதனிடம் என்னை அறிமுகம் செய்துகொண்டேன். "வணக்கம். நான் ஜிப் ரிப்பேர் கடை நடத்தறேன்." மெஷின் கம்மென்று இருந்தது. நம் வாலுதான் போர்வைக்குள்ளிருந்து, "அம்மா, சிரிச்சுக்கிட்டே சொல்லு. இழவு வீட்ல பேசற மாதிரி இருக்கு" என்றாள்.

விஷயம் என்னவென்றால், என்னை ஒரு பாட்காஸ்டில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னை! நேற்று மின்னஞ்சலைப் பார்த்ததும் வேறு யாருக்கோ வந்தது என்று நினைத்து மூட இருந்தேன். பதினொரு பாட்காஸ்டுகளுக்கு எழுதிப் பதிலே இல்லை. ஒருவர் மட்டும், "ஜிப்பைப் பத்தி ஒரு மணி நேரம் என்னங்க பேசறது?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான்.

இது பன்னிரண்டாவது. இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் விருந்தினர்களைச் சேர்த்துவிடுவதையே தொழிலாகச் செய்யும் ஒரு பெண்ணைப் பிடித்தேன். புக்கிங் பொண்ணு என்றுதான் கடையில் அவளுக்குப் பெயர். என்னைப் பற்றி ஒரு பக்கத்தில் அறிமுகத் தாள் தயாரித்து அனுப்புவாள். "உங்க தாள்ல உயிரே இல்ல மேடம், நான் எழுதறேன்" என்று புதிதாக எழுதினாள். சரிபார்க்கச் சொல்லி எனக்கும் அனுப்பினாள். கடை போன் நம்பரில் ஓர் எண் தப்பு. பென்சிலால் திருத்தி, கையெழுத்துப் போட்டு, படமெடுத்து அனுப்பிவிட்டேன். பதினாறு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவள் கண்ணுக்கு எண்கள்தானே முதலில் தெரியும்.

இந்த நிகழ்ச்சி நன்றாக அமைந்தால் தையல் மாஸ்டருக்கும் நான்கு பெண்களுக்கும் வருடம் முழுக்க வேலை இருக்கும். இப்போது வாரத்தில் இரண்டு நாள் எல்லோரும் சும்மா உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, கடிதம் எழுதுவோம் என்று சொன்னவர் நீங்கள். இது என் இருபத்தாறாவது கடிதம். உங்களுடையவை பத்தொன்பது. பாக்கியை நேரில் வந்து தீர்க்கவும். ஏப்ரல் ஐந்தாம் தேதி வருவதாக எழுதியிருந்தீர்களே, டிக்கெட் எடுத்தாகிவிட்டதா? வாலு தன் அறையிலிருந்து துணிக்குவியலை நகர்த்தி உங்கள் மேஜைக்கு இடம் செய்துவிட்டாள். மூன்று வருடத்துக்குப் பிறகு வருகிறவரை எப்படி வரவேற்பது என்று தெரியாமல், நான் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன்.

கணக்கு

*

மார்ச் 9

என் அருமைக் கணக்குக்கு,

உன் கடிதத்தை லிஃப்ட் மேல் உட்கார்ந்து படித்தேன். பயப்படாதே, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான். பதினெட்டு மாடிக் கட்டடம், கேபிள் மாற்றுகிறோம். என்னோடு இரண்டு பேர். நெட்டையன் ஒருவன், பாட்டுக்காரன் ஒருவன். பாட்டுக்காரன் பாடமாட்டான். நாளெல்லாம் போனில் பாட்காஸ்ட் ஓட விடுவான். உன் பேச்சு எப்போது வரும் என்று எழுது. ஆனால் அவர்களிடம் என் பெண்டாட்டி என்று சொல்லமாட்டேன். வெட்கமாக இருக்கிறது.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. "ஜிப் தெச்சா குடும்பம் நடக்குமா?" என்று உன் அண்ணன் வீட்டில் எல்லோர் முன்னாலும் சிரித்தவன் நான். அதற்கு நீ சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "நீங்க இல்லாமலே நடக்கும்." நடந்துதான் விட்டது. அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். கடைப் பெயரை மூன்று தடவை சொல். நடுவில் தண்ணீர் குடி.

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜன்னல் ஓரம். இது போகப் பாக்கி ஆறு கடிதங்களையும் வாயால் அடைக்கிறேன்.

உன் லிஃப்ட்காரன்

*

மார்ச் 16

என்னங்க,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மூன்று தாள்களைக் கிழித்தாயிற்று. நேராகவே எழுதிவிடுகிறேன். நீங்கள் இறந்துவிட்டீர்கள்.

உட்கார்ந்து படியுங்கள். லிஃப்ட் மேல் வேண்டாம்.

நேற்றுப் பதிவு. சின்ன அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி கறுப்புப் பஞ்சு. தொகுப்பாளர் என் வயதுப் பெண். நல்ல மாதிரி. என் நாற்காலியின் உயரத்தைத் தானே குனிந்து சரிசெய்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வணக்கம் சொன்னாள், வணக்கம் சொன்னேன். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கணவர் இறந்து மூணு வருஷம்னு படிச்சேன். அந்தத் துக்கத்துலேர்ந்து ஒரு கடையை எப்படி உருவாக்கினீங்க?" என்றாள்.

உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது, எனக்குத் தெரிவதற்கு முன்னால் இவளுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அவள் மடியிலிருந்த தாளைப் பார்த்தேன். புக்கிங் பொண்ணு எழுதிய அறிமுகம். இரண்டாவது வரியில் நீங்கள் இறந்திருந்தீர்கள். அடியில் பென்சிலால் திருத்திய போன் நம்பர். அதன் கீழே என் கையெழுத்து.

அப்போதே "இல்லைங்க, தப்பு" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புக்கிங் பொண்ணு கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். மாஸ்டர் முகம் நினைவுக்கு வந்தது, வாரத்தில் அந்த இரண்டு நாள் நினைவுக்கு வந்தது. சாக்கு இல்லை, நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நொடி சும்மா இருந்தேன். அந்த ஒரு நொடிக்குப் பிறகு மறுக்க வழியில்லாமல் போய்விட்டது.

பேச ஆரம்பித்தேன். என்னென்னவோ சொன்னேன் என்று எழுதினால் அது பொய். பொய்யாக நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்கே திகைப்பு. அந்த முதல் பொய் அவர்களுடையது. அதன் மேல் ஏறி நின்றுகொண்டு நான் உண்மையாகக் கொட்டினேன். ஆபீஸ் லிஃப்டில் மாட்டிக்கொண்ட அன்று நீங்கள் கதவைப் பிளந்து இழுத்தது, என் கைப்பையின் ஜிப் கதவிடுக்கில் சிக்கியது, குறடு ஒன்றை எடுத்து, "ஜிப் கெடலைங்க. மேல கீழ ஓடற ஸ்லைடர்தான் தளர்ந்திருக்கு. ரெண்டு பக்கமும் ஒரு அழுத்து அழுத்தினா போதும்" என்று சொன்னது. அந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்தக் கடையே நிற்கிறது என்றேன். நீலப் பட்டை சுற்றிய உங்கள் குறடு இன்றைக்கும் என் மேஜை டிராயரில் இருக்கிறது என்றேன்.

இதை உங்களிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. "ஐடியா யாரோடது?" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் என்னுடையது என்றேன். நீங்கள் சிரித்த பிறகு எப்படிச் சொல்வது?

அழுதேன். நிஜமாக. தொகுப்பாளரும் அழுதாள். கடைப் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

வெளியே வந்து புக்கிங் பொண்ணைப் பிடித்தேன். "மேடம், நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க? பிரிஞ்சிருக்காங்கன்னு எழுதினா யார் கேப்பா?" என்றாள். நான்தான். இருபதாம் தேதி வெளியிடுகிறார்கள். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நிறுத்தச் சொல்லட்டுமா? உடனே எழுதுங்கள். இந்த ஒரு தடவை போன் செய்தாலும் பரவாயில்லை.

கணக்கு

*

மார்ச் 24

கணக்கு,

உன் விரைவுத் தபால் நேற்றுத்தான் வந்தது. நான் செத்த செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை, மெஷின் ரூமில் சாப்பாட்டு நேரம். பாட்டுக்காரன் வழக்கம்போலப் போனை ஓட விட்டான். "வணக்கம்" என்று ஒரு குரல். உன் குரல். கேரியர் மூடியைத் திறந்த கை அப்படியே நின்றது. அடுத்த கேள்வியிலேயே நான் காலி.

நெட்டையன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். "கொடுத்து வச்சவன்டா அந்த ஆளு" என்றான். பாட்டுக்காரன், "கொடுத்து வச்சவன் ஏன்டா சாகறான்?" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, உங்களுக்குப் பொண்டாட்டி இருந்திருந்தா இப்படிப் பேசியிருப்பாங்களா?" என்று கேட்டான். நான் கல்யாணமே ஆகாதவன் என்று இங்கே மூன்று வருடமாகச் சொல்லிவைத்திருக்கிறேன். இதை உனக்கு எழுதியதில்லை. வெட்கம் என்று போன கடிதத்தில் எழுதினேனே, அது இந்த வெட்கம். நீ என்னை ஒரு நொடியில் கொன்றாய். நான் உன்னைப் பிறக்கவே விடவில்லை. அதனால் கோபப்பட எனக்கு உரிமை குறைவு.

ஆனால் வலி இருக்கிறது. குறடு விஷயத்தைக் கேட்டதும் எழுந்து கேபிள் டிரம்முக்குப் பின்னால் போய் நின்றேன். இருபது வருடத்தில் ஒருநாள், உயிரோடு இருந்தவனிடம் இதில் பாதியாவது சொல்லியிருக்கலாமே. செத்த பிறகுதான் உனக்கு என்னைப் பிடித்திருக்கிறது.

பாட்டுக்காரன் சொல்கிறான், ஊரெல்லாம் அதைக் கேட்கிறதாம். உன் கடை வாசலில் கூட்டம் என்று வாலுவும் போனில் செய்தி அனுப்பியிருக்கிறாள். நல்லது. இந்த நேரத்தில் நான் பெட்டியோடு வந்து இறங்கினால் உன் பிழைப்பில் மண் விழும். மறுபடியும் என்னால். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். செத்தவன் செத்தவனாகவே இருக்கட்டும். கோபத்தில் எழுதவில்லை, இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பதில் வேண்டாம்.

(கையெழுத்துப் போட்டால் ஆள் இருக்கிறான் என்றாகிவிடும்.)

*

மார்ச் 31

என்னங்க,

பதில் வேண்டாம் என்றீர்கள். உங்கள் பேச்சை நான் கேட்டிருந்தால் கடையே இருந்திருக்காது. எழுதுகிறேன்.

நிகழ்ச்சி வந்த மறுநாள் மாஸ்டர் சிவந்த கண்ணோடு வந்தார். "எங்கிட்டகூடச் சொல்லலையேம்மா" என்றார். உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஊசியில் நூல் கோக்கிற மாதிரியே இருந்துவிட்டு, "அப்போ ராத்திரி பூரா நான் அழுததுக்கு என்னம்மா கணக்கு?" என்றார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வாலு என்னோடு பேசுவதில்லை. அவள் கல்லூரியில் சிநேகிதிகள் ஒவ்வொருவராக வந்து கட்டிக்கொண்டு அனுதாபம் சொன்னார்களாம். "இருக்கிற அப்பாவுக்கு நான் அனுதாபம் வாங்கிட்டு நிக்கறேன்மா" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

கூட்டம் உண்மைதான். பெட்டி, பை, கோட்டு என்று அலமாரி நிரம்பி வழிகிறது. நாற்காலி போடவும் இடமில்லை. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு பையை வாங்கும்போதும் திருட்டுப் பொருளைக் கைமாற்றுகிற மாதிரி இருக்கிறது.

முந்தாநாள் ஒரு அம்மா வந்தார். காகிதப் பைக்குள் ஓர் ஆணின் குளிர் கோட்டு. போன வருடம் அவர் கணவர் இறந்துபோனாராம். கடைசியாகப் போட்டிருந்தது அது. ஜிப் பாதியில் நிற்கிறது. "வேற கடையில கொடுக்க மனசு வரல. உங்களுக்குத்தான் புரியும். நாம ரெண்டு பேரும் ஒண்ணு" என்று என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். என்னால் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அப்படியே வைத்திருக்கவும் முடியவில்லை. அவர் போன பிறகு உங்கள் குறடும் கையுமாக உட்கார்ந்தேன். ஸ்லைடர்தான் தளர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரு அழுத்து, அவ்வளவுதான். அழுத்த மனம் வரவில்லை. அந்தக் கோட்டு இன்னும் மேஜைமேல் அப்படியே கிடக்கிறது.

செத்த பிறகுதான் பிடித்திருக்கிறது என்று எழுதினீர்கள். அந்த வரியைப் பலமுறை படித்தேன். அது அப்படியில்லை. எதிரில் நீங்கள் இருந்தால், சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிடுவீர்களோ என்று பயம். சிரிக்க முடியாத இடத்துக்கு உங்களை அனுப்பிவிட்டுத்தான் எனக்கு வாய் வந்தது. அது என் கோழைத்தனம், அவ்வளவே.

நாளை மறுநாள் மாலை அதே தொகுப்பாளர் என்னை மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். இந்தத் தடவை அரங்கத்தில், ஆட்களுக்கு முன்னால், நேரலையாக. கணவரை இழந்த பெண்கள் நிறையப் பேர் வருகிறார்களாம். புக்கிங் பொண்ணு, "கணவர் பகுதியைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க மேடம்" என்றாள். சொல்கிறேன் என்றேன். நேரலையில் வெட்டி ஒட்ட முடியாது என்பதையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேர ஐந்தாறு நாளாகும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கூட்டமும் கலைந்திருக்கலாம். அந்தக் கோட்டைச் சரிசெய்து நானே கொண்டுபோய்க் கொடுத்து, அந்த அம்மா என்ன சொன்னாலும் நின்று கேட்டிருப்பேன். இதை எழுதும் இந்த நிமிடத்தில் நான் செய்யப்போவது யாருக்கும் தெரியாது. மாஸ்டருக்குத் தெரியாது, வாலுவுக்குத் தெரியாது, அந்தத் தொகுப்பாளருக்கும் தெரியாது. நீங்கள் வரவேண்டும் என்பதற்காக இதைச் செய்யவில்லை. வருவது உங்கள் விருப்பம். கீலில் எண்ணெய் இருக்கிறது.

மேடையில் சொல்லப்போகும் முதல் வாக்கியத்தை எழுதி வைத்திருக்கிறேன். "என் கணவர் உயிரோடு இருக்கிறார், பதினெட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கிறார்."

இதில் எண் ஒன்றே ஒன்றுதான். இந்தத் தடவை எழுத்துகளையும் சரிபார்த்துவிட்டேன்.

உங்கள் மனைவி,
கணக்கு