எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை

புதுச்சேரி
15.9.2008

அன்பு மகள் அமேலிக்கு,

அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. பதறாமல் படி. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நெஞ்சுவலி என்று அப்பா போனில் சொன்னது பொய். பக்கத்தில் நின்று, “சீக்கிரம் வந்துடு கண்ணு” என்று முனகினேனே, அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. வெட்கமாக இருக்கிறது.

நீ டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன் நம்பர் அப்பாவின் செல்போனில்தான் இருக்கிறது. அது அவர் சட்டைப்பையை விட்டு இறங்குவதில்லை. என்னிடம் இருப்பது உன் விலாசம் மட்டும். அவர் பெத்தாங்க் விளையாடப் போயிருக்கிறார். இரும்பு உருண்டைகளோடு அவர் திரும்பி வருவதற்குள் இதை எழுதி, எதிர்வீட்டு வசந்தாவிடம் கொடுத்துவிட வேண்டும். கூரியரில் ஐந்து நாளில் ஷாங்காய் போய்விடும் என்கிறாள். நீ கிளம்புவது ஆறாம் நாள்.

சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி கம்பெனி வைத்திருக்கும் ஆரோக்கியநாதனின் மகனுக்கு உன்னைப் பேசி முடித்துவிட்டார் அப்பா. நகை, சீர் எதுவும் வேண்டாமாம். கல்யாணச் செலவும் அவர்களுடையதாம். உன்னிடம்தான் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறதே! உன்னைக் கட்டினால் பையன் பிரான்ஸ் போகலாம். நம் ஊரில் இது புதிதா என்ன? அவனுடைய அம்மா உன் படிப்பைக் கேட்கவில்லை, நிறத்தைக்கூடக் கேட்கவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமைக்கான உன் நசியோனலித்தே பேப்பர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

இதற்கெல்லாம் காரணம் நான்தான். உன்னுடன் தங்கியிருக்கும் சியாவ்மெய்யைப் பற்றி நீ எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இருபத்தேழு தாண்டியும் கல்யாணமாகாத பெண்ணை அங்கே ‘மிச்சமானவள்’ என்கிறார்களாமே. மீந்துபோக அவள் என்ன சோறா? அவள் அம்மா மாப்பிள்ளை தேடி ஞாயிறுதோறும் பூங்காவில் குடையை விரித்து, மகளின் வயது, உயரம், சம்பளம் எழுதிய தாளை அதில் குத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் படித்தபோது சிரிக்கத்தான் நினைத்தேன். உன் போட்டோவை நானும் எத்தனை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன் என்று ஞாபகம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

அப்பா காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான். அந்தப் பெண் யாரும் வேண்டாமென்று சொந்தப் பெயரில் வீடு வாங்கிவிட்டாள் என்ற வரி. “முப்பது ஆவப்போவுது. அங்கயே இருந்தா நம்ம பொண்ணும் இப்படித்தான் ஆயிடும்” என்று குதித்தார். மறுநாளே சேதராப்பட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

நீ வந்து இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பீரோவில் பூட்டப் போகிறார். அடுத்து வரும் ஞாயிறே கோயிலில் கல்யாண அறிக்கை வாசிக்கச் சாமியாரிடம் சொல்லியாயிற்று. பூசையில் எல்லோர் காதிலும் விழுந்தபிறகு நீ மாட்டேன் என்றால் அப்பா உயிரை விடுவேன் என்பார். உன்னால் தாங்க முடியாது. எனக்கு உன்னைத் தெரியும்.

டிக்கெட்டை ரத்து செய். அப்பா மறுபடி போன் செய்வார். என்னையும் பேச வைப்பார். அவர் முன்னால் மறுத்துப் பேசும் தைரியம் எனக்கு முப்பத்திரண்டு வருடமாக வரவில்லை, இனியும் வராது. நான் அழுதாலும் நம்பாதே. ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் என்றாலும் நம்பாதே. நாளைக்கு எனக்கு உண்மையாகவே ஏதாவது ஆனால், அதையும் பொய் என்றுதான் நீ நினைப்பாய். நினைத்துக்கொள். எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

மாதா துணையிருப்பாள். இருக்கும் இடத்திலேயே நன்றாயிரு.

உன் அம்மா,
ஜொசியான்